நான் சுடாத கடமான்

துப்பாக்கியைத் தொட்டே பார்க்காதவன்தான் துப்பாக்கியைப் பற்றி மிகத் துல்லியமாகப் பேசுவான். உண்மையில் சுட்டவர்கள் அதிகம் பேசுவதில்லை. பேசினாலும் சுட்டதற்குப் பிறகு வந்த வழக்கைப் பற்றித்தான் பேசுவார்கள். இதை இருபத்தேழாவது வயதில், கம்பத்தில் ஒரு வீட்டின் முன்னறையில், கையில் கேசரித் தட்டோடு உட்கார்ந்திருந்தபோது தெரிந்துகொண்டேன்.

அப்போது தேனியில் ஒரு நாளிதழில் உதவி ஆசிரியராக இருந்தேன். தேனி தனி மாவட்டமாகப் பிரிந்து இரண்டு மூன்று வருடம்தான் ஆகியிருந்தது. உதவி ஆசிரியர் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். கூட்டத்தில் பேசியதைச் சுருக்க வேண்டும். கூட்டமே நடக்காத நாளில் எதையாவது நீட்ட வேண்டும். ஞாயிறு இணைப்பில் விளம்பரம் வராமல் காலியான இடத்தை அச்சுக்குப் போவதற்குள் நிரப்ப வேண்டும்.

பெரியகுளத்தில் ஒரு பழைய புத்தகக் கடையில் அமெரிக்க வேட்டைப் பத்திரிகைகள் ஒரு கட்டு கிடைத்தது. ஏதோ எஸ்டேட் பங்களாவைக் காலி செய்தபோது வந்ததாம். மூன்று மாதம் அதையே படித்தேன். மானுக்கு 'புள்ளி இரண்டு நான்கு மூன்று' என்கிற இலகு ரக ரைபிளே போதும். உதை குறைவு, தோள் வலிக்காது. குண்டு நூறு கிரெயின் எடையில் இருப்பது நல்லது. முனையில் ஈயம் தெரிகிற மென்முனைக் குண்டாக இருந்தால் உள்ளே போனதும் விரியும். முழுக்கச் செம்பு உறை போட்டதாக இருந்தால் ஊசி மாதிரி மறுபக்கம் போய்விடும். எல்லாம் மனப்பாடம். (கிரெயின் என்றால் எவ்வளவு எடை என்று யாராவது கேட்டிருந்தால் எழுந்து ஓடியிருப்பேன்.)

ஒரு வாரம் இணைப்பில் அரைப் பக்கம் காலியாக நின்றது. ஆசிரியர் விடுப்பில் இருந்தார். 'மானுக்கு எந்தத் தோட்டா?' என்று எழுதி இறக்கினேன். இந்த நாட்டில் மான் வேட்டைக்குத் தடை இருக்கிறது என்ற சிறிய தகவலைச் சேர்க்க இடம் போதவில்லை. கட்டுரை சற்று வறட்சியாக இருந்ததால், பத்திரிகையில் ஓர் அமெரிக்க விவசாயி எழுதியிருந்த அனுபவத்தை எடுத்து, அவரை நானாக்கி, அவருடைய ஊரை மேகமலைச் சரிவாக்கி, அவருடைய மானைக் கடமான் ஆக்கினேன். கடமான் என்றால் கம்பீரமாக இருக்கிறதே. 'என் குண்டு பாய்ந்ததும் அந்தக் கடமான் ஓரடிகூட நகராமல், நின்ற இடத்திலேயே உயிரை விட்டது. அன்றிரவு அதன் கறியின் ருசி இன்னும் நாக்கில் நிற்கிறது.' கீழே என் பெயர்: சிராஜுதீன்.

அடுத்த மாதம் எனக்குப் பெண் பார்க்கப் போனோம். ஜமீலாவை நான் ஏற்கனவே உத்தமபாளையத்தில் ஒரு கல்யாணத்தில் பார்த்திருந்தேன். பந்தியில் பரிமாறிக்கொண்டிருந்தவரிடம், "இந்த வரிசைக்கு ரெண்டு தடவ வந்துட்டீக, அந்த வரிசைக்கு வரவே இல்ல" என்று கணக்காகச் சொன்ன பெண். அன்றே முடிவு செய்துவிட்டேன். இந்த வீட்டில் சம்மதம் கிடைக்காவிட்டால் எனக்கு வேறு வீடு கிடையாது என்று என் அத்தாவிடம் (அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) சொல்லித்தான் கூட்டிப்போனேன்.

ஜமீலாவின் அத்தா அப்துல்கனி ராவுத்தருக்குச் சுருளிப்பட்டிப் பக்கம் திராட்சைத் தோட்டம். காட்டுப் பன்றியை விரட்ட லைசென்ஸ் வாங்கிய இரட்டைக்குழல் துப்பாக்கி ஒன்று வைத்திருந்தார். கேசரி வந்தது, டீ வந்தது. ராவுத்தர் சட்டைப் பையிலிருந்து மடித்த ஒரு தாளை எடுத்துப் பிரித்தார். என் கட்டுரை.

"மாப்ள எழுதுனதுதான. எங்க தெருவுல அம்புட்டுப் பேரும் படிச்சுட்டாக. அதென்னமோ இருநூத்தி நாப்பத்தி மூணுங்கிறீகளே, அது என்னது?"

இதற்காகவே பிறந்தவன் போல ஆரம்பித்தேன். உதை, எடை, மென்முனை, செம்புறை. கேசரிக் கரண்டியைத் தோளில் வைத்துக் குறிபார்த்துக்கூடக் காட்டினேன். உள்ளறைக் கதவுத் திரை லேசாக அசைந்தது. அசைந்தவுடன் இன்னும் பத்து நிமிடம் பேசினேன்.

ராவுத்தர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, தாளில் ஒரு வரிமேல் விரல் வைத்தார்.

"எல்லாஞ் சரி மாப்ள. நின்ன எடத்துலயே உசுரு போயிருச்சுன்னு போட்டிருக்கீக. கறி தின்னதாவும் போட்டிருக்கீக. அப்ப அறுத்தது எப்ப?"

 எங்கள் வீடுகளில் எந்தப் பிராணியாக இருந்தாலும் மூச்சு இருக்கும்போதே பிஸ்மி, அதாவது இறைவன் பெயரைச் சொல்லி அறுத்தால்தான் ஹலால். குண்டு பட்டே செத்துப்போனதைத் தொடக்கூட மாட்டார்கள். உலகத்திலேயே சிறந்த தோட்டா எது என்று மூன்று மாதம் தேடியவன், அது வேலையைச் சரியாகச் செய்தால் நாம் சாப்பிட முடியாது என்பதை யோசிக்கவில்லை. அந்த அமெரிக்க விவசாயிக்கு இந்தச் சிக்கல் இருந்திருக்காது.

என் அத்தா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஹராம் தின்றவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள்?

"இல்ல மாமா, அது எழுத்துக்காகப் போட்டது. லேசா உசுரு இருந்துச்சு. ஓடிப்போயி நானே பிஸ்மி சொல்லி அறுத்துட்டேன்" என்றேன்.

ராவுத்தர் முகம் தெளிந்தது. "அல்ஹம்துலில்லாஹ்! அதான பாத்தேன்."

தப்பித்துவிட்டேன் என்று கேசரியை வாயில் வைத்தேன். ஜன்னலோரம், அதுவரை வாயே திறக்காமல் முறுக்கு தின்றுகொண்டிருந்த மஞ்சள் சட்டைக்காரர் கையைத் தட்டிவிட்டுக்கொண்டு கேட்டார்: "அறுத்தது எந்த மாசம் தம்பி?"

ராவுத்தர் அறிமுகம் செய்துவைத்தார். "சொல்ல மறந்துட்டேன். நம்ம பெருமாள்சாமி. பக்கத்து வீடு. பாரஸ்டுல வனவரா இருக்காக."

கேசரித் தட்டைக் கீழே வைத்தேன்.

"போன மாசம் மேகமலை அடிவாரத்துல தலையில்லாம ஒரு கடமான் கெடந்துச்சு. ஆளத் தேடிக்கிட்டிருக்கோம். நீங்க என்னடான்னா பேரு போட்டு பேப்பர்லயே எழுதிட்டீக. அறுத்ததுக்குச் சாட்சி வேற இந்த ரூம் பூரா இருக்கு." குரலில் கோபம் இல்லை. அதுதான் பயமாக இருந்தது. "ஜாமீன் கெடைக்கிறது செரமம் தம்பி."

ஹராமிலிருந்து தப்பிக்க ஜெயிலுக்குள் ஓடியிருக்கிறேன் என்பது புரிந்தது. இனி உண்மை என்கிற ஒரே வாசல்தான். அது என்னை வெளியே அனுப்புகிற ராவுத்தர் வீட்டு வாசலாகவும் இருக்கலாம்.

"சார், நான் சுடவே இல்ல. துப்பாக்கியவே தொட்டதில்ல. எல்லாம் ஒரு இங்கிலீஷ் புஸ்தகத்துல இருந்து எடுத்தது" என்றேன்.

"புடிபடுற அம்புட்டுப் பேரும் இதத்தான சொல்றாக" என்றார் வனவர்.

ராவுத்தர் உள்ளே போய்த் துப்பாக்கியை எடுத்துவந்து என் மடியில் வைத்தார். "தோட்டா இல்ல. தொறந்து காட்டுங்க."

பத்திரிகைப் படங்களில் ரைபிளுக்குப் பக்கத்தில் ஒரு கைப்பிடி நீட்டிக்கொண்டிருக்கும். அதைப் பின்னால் இழுத்தால் திறக்கும். இதில் கைப்பிடியே இல்லை. இடது பக்கம் தேடினேன், வலது பக்கம் தேடினேன், கவிழ்த்துப் பார்த்தேன். குழாயைப் பிடித்துத் திருகினேன். ("பம்பு செட்டா அது?" என்று யாரோ கேட்டார்கள்.) மேலே கட்டைவிரலுக்கு அருகில் இருந்த ஒரு சிறிய நெம்புகோல் தற்செயலாக அசைந்தது, துப்பாக்கி நடுவில் மடிந்து குழல் என் முழங்காலில் விழுந்தது. உடைத்துவிட்டேன் என்று நினைத்து, "புதுசா வாங்கித் தந்துர்றேன் மாமா" என்று கத்தினேன்.

அதுவரை அடக்கிக்கொண்டிருந்த என் அத்தா அப்போதுதான் வாயைத் திறந்தார். "இவன் கோழி அறுத்தாலே கண்ண மூடிக்குவான். கடமான அறுத்தானாம்."

"மொதல்லயே சொல்லியிருக்கலாமே அத்தா!"

"நீயே எப்ப சொல்லுவன்னு பாத்துக்கிட்டிருந்தேன்."

வனவர் சிரிக்கத் தொடங்கியிருந்தார். "எனக்கும் படிக்கையிலயே சந்தேகந்தான். கடமான் எரும தண்டி இருக்கும் தம்பி. நீங்க சொல்ற சின்னக் குண்டுக்கு நின்ன எடத்துல விழுகுமா? நாலு மல தாண்டித்தான் நிக்கும். ஆனா எழுத்துல இருக்கே. எழுத்துலதான் முடிக்கணும்."

ராவுத்தர் வீட்டு நோட்டுப் புத்தகத்திலேயே வாக்குமூலம் எழுதினேன். 'நான் கடமான் சுடவில்லை. அறுக்கவில்லை. தின்னவில்லை. நேரில் பார்த்ததும் இல்லை.' கடைசி வரியை யாரும் கேட்கவில்லை. உண்மை பேசும் வேகத்தில் தானாக வந்துவிட்டது. இரண்டு அத்தாக்களும் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள்.

 கேஸ் முடிந்துவிட்டது, சம்பந்தம்தான் அந்தரத்தில் நின்றது. ராவுத்தர் தாடியைத் தடவிக்கொண்டே, "பொய் சொல்ற புள்ளைக்கு எப்புடிக் கொடுக்கிறது?" என்று பொதுவாகக் கேட்டார். என் அத்தா எழுந்து செருப்பைத் தேடத் தொடங்கினார்.

திரைக்குப் பின்னாலிருந்து, பந்தியில் கேட்ட அதே குரல் வந்தது.

"அத்தா, இவுக பொய்ய ஊரே பேப்பர்லதான படிச்சுச்சு? உண்மையையும் பேப்பர்லயே போடச் சொல்லுங்க. அதே எடத்துல, அதே பேரோட. போட்டா எனக்குச் சம்மதம்."

ஆசிரியரிடம் போய் நின்றேன். முழுவதையும் கேட்டுவிட்டு, எழுதிக் கொண்டுவா என்றார். நான் எழுதிய நாற்பது வரி விளக்கத்தை அவர் மூன்று வரியாகச் சுருக்கினார். அடுத்த ஞாயிறு, அதே பக்கத்தில், கட்டம் கட்டி வந்தது: 'திருத்தம்: மானுக்கு எந்தத் தோட்டா கட்டுரையை எழுதிய சிராஜுதீன் மான் எதையும் சுட்டதில்லை. மான் வேட்டை சட்டப்படி குற்றம். தவறுக்கு வருந்துகிறோம்.' பத்திரிகைத் தொழிலில் நான் எழுதியதில் ஊர் முழுக்க ஒரே மனதாக நம்பியது அந்த மூன்று வரியைத்தான்.

இரண்டு மாதத்தில் நிக்காஹ் நடந்தது. பெருமாள்சாமி சார் முதல் வரிசையில் உட்கார்ந்து பிரியாணி சாப்பிட்டார். ஆட்டுக்கறிதானா என்று இரண்டு முறை கேட்டுக்கொண்டார்.

அதற்குப் பிறகு இந்த வீட்டில் எனக்குப் பேச்சுரிமை உண்டு, நம்பகத்தன்மை கிடையாது. பஸ் லேட் என்றாலும், அலுவலகத்தில் ஒருவனைக் கிழி கிழியென்று கிழித்துவிட்டேன் என்றாலும், ஜமீலா முழுவதையும் கேட்பாள். பிறகு காய் நறுக்குவதை நிறுத்தாமலே, "திருத்தம் எந்தக் கெழமைங்க வருது?" என்பாள். பிள்ளைகளும் பழகிவிட்டார்கள். பள்ளிக்கூடத்தில் அப்பாவைப் பற்றி ஐந்து வாக்கியம் எழுதச் சொன்னபோது சின்னவள் நான்காவது வாக்கியமாக எழுதியிருந்தாள்: 'என் அத்தா மான் எதையும் சுட்டதில்லை.' ஆசிரியை அதற்குச் சரி போட்டிருந்தார்.

இந்தக் கட்டுரையையும் முதலில் ஜமீலாவிடம்தான் காட்டினேன். படித்து முடித்து, கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னாள்: "கரண்டியத் தோள்ல வச்சு பத்து நிமிஷம் பேசுனேன்னு போட்டிருக்கீக. அரை மணி நேரம். மாத்திட்டு அனுப்புங்க."

மாற்றவில்லை. அடுத்த வாரம் திருத்தம் போட்டுக்கொள்ளலாம்.