இருமினால் விலை இறங்கும்

வாழ்க்கையில் ஒரே ஒரு விஷயத்திலாவது என் பேச்சு எடுபட வேண்டும் என்று உறுதி பூண்டேன். என் பிக்கப் வண்டியை விற்கக் கூடாது.

என்னைவிட மூத்த வண்டி அது. துரு தின்றது போக மிச்சமிருந்ததை வாங்கி, ஞாயிற்றுக்கிழமை என்றால் அதன் அடியிலேயே படுத்துக் கிடந்து, புதுசு போல ஆக்கியிருந்தேன். பச்சைப் பெயிண்ட், பளபளவென்று தோல் சீட். அந்த சீட்டில் யாரையும் உட்கார விட்டதில்லை. மனைவி ஒரு முறை கேட்டாள். "தோல் சுருங்கிடும்" என்றேன். யாரோட தோல் என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

போன வாரம் எதிர்வீட்டு அக்கா வந்து, "பழைய பிக்கப்புக்கெல்லாம் இப்ப மவுசு! யானை விலை, குதிரை விலை சொல்றாங்க" என்று கொளுத்திப் போட்டுவிட்டுப் போனார்.

"வித்துடலாங்க" என்றாள் மனைவி.

"அதுக்கு என்ன பெரிய மதிப்பு இருக்கப் போகுது?"

"ஆளக் கூப்பிட்டு மதிப்பு போடுங்க. தெரிஞ்சிடும்."

"கம்மியா சொன்னா?"

"விக்கவே சொல்ல மாட்டேன். சத்தியமா."

பழைய வண்டிகளுக்கு மதிப்பு போடுபவர் என் நண்பர்தான். போனில் ரகசியமாக ஏற்பாடு செய்தேன்: நான் இருமும்போதெல்லாம் அவர் விலையை ஒரு படி இறக்க வேண்டும். என் ரகசியம் எப்போதும் பக்கத்து அறை வரைக்கும்தான் கேட்கும்.

நண்பர் வந்தார். ஷெட்டில் நின்று பானெட்டைத் தூக்கிப் பார்த்தார். முகமே மாறிவிட்டது. கூடவே வந்து நின்ற என் மனைவியிடம் திரும்பினார்.

"தங்கச்சி, எஞ்சின் அப்படியே ஒரிஜினல். கூசாம ஒரு புதுக் கார் விலை சொல்லலாம்!"

இருமினேன்.

"அதாவது... கொஞ்சம் ஓடின கார்."

"பேசிட்டிருங்க அண்ணா. அடுப்புல வேலை இருக்கு. ஜன்னல் வழியா கேட்டுக்கறேன்" என்று மனைவி உள்ளே போனாள். சமையலறை ஜன்னல் ஷெட்டைப் பார்த்துத்தான் இருக்கிறது. அதன் வழியாக ஒரு நெடி வந்தது. வறுத்த மிளகாய். உண்மையாகவே இருமினேன்.

"ஸ்கூட்டர் விலை" என்றார் நண்பர்.

அது போதும். போதும் என்று கையை ஆட்டினேன். இன்னும் இறக்கச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொண்டார்.

"பழைய ஸ்கூட்டர்!"

"போதும்யா..." என்று சொல்ல வந்தது இருமலாகத்தான் வெளியே வந்தது. கண்ணில் தண்ணீர். இப்போது அவரும் இருமினார். தன் இருமலுக்கும் ஒரு படி இறங்கினார்.

"சைக்கிள்! அதுக்கு மேல ஒரு பைசா தேறாது!"

மனைவி வெளியே வந்தாள். கையில் பணம்.

"இந்தாங்க, சைக்கிள் விலை. வண்டிய நானே வாங்கிட்டேன். அண்ணா சாட்சி."

"நீ எதுக்கு..."

"மதிப்பு போட்ட விலைதானே? அதுக்கு மேல பெறும்னா சொல்லுங்க. வெளியிலயே வித்துடலாம்."

பெறும் என்றால் வண்டி வெளியே போகும். பெறாது என்றால் அவளிடம் போகும். இரண்டு தடவை யோசித்தேன், இரண்டு தடவையும் போய்விட்டது. நண்பரைப் பார்த்தேன். அவர் இருமிக்கொண்டே செருப்பைத் தேடினார். சாவியைக் கொடுத்தேன். விற்கக் கூடாது என்று கிளம்பியவன் நான், விற்றவனும் நான், வண்டியோ அதே ஷெட்டில் நிற்கிறது. எந்த இடத்தில் தோற்றேன் என்றே தெரியவில்லை.

மனைவி ஏறி, சீட்டில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"உனக்கு ஓட்டத் தெரியாதே?"

"அதுக்குத்தான் டிரைவர் இருக்காரே. பாத்து உக்காருங்க, தோல் சுருங்கிடும்."

எதிர்வீட்டு அக்காவையும் ஏற்றிக்கொண்டு தெருத் தெருவாகச் சுற்றினோம். திரும்பி வந்து சாப்பிட உட்கார்ந்தேன். ஒரு வாய் வைத்தேன். எதிலும் காரமே இல்லை.

"அவ்வளவு மிளகா வறுத்தியே, எங்க?"

"அது சமையலுக்கு இல்லீங்க, பேரத்துக்கு."