நாலாம் பாகத்தின் கடைசி அத்தியாயம்

பழைய பைண்டிங் புத்தகத்தைத் திறந்தால் வாசனைகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். முதலில் மைதாப்பசை. அடுத்து, எத்தனையோ மழைக்காலங்களை உள்ளே மடித்து வைத்திருக்கும் காகிதத்தின் புழுக்கம். கடைசியில் வருகிற வாசனை எங்கள் வீட்டுப் பிரதியில் மட்டும்தான் உண்டு: காய்ந்த துளசி. அது மூக்கில் ஏறியதுமே எனக்குக் காது இரண்டும் சூடாகிவிடும். இத்தனை வருடம் கழித்தும்.

புத்தகத்துக்காகச் சண்டை போடுகிறவனை நல்ல காரியம் நடக்கிற இடத்துக்கு அழைத்துப் போகவே கூடாது. போகத்தான் வேண்டுமென்றால் கையிலிருக்கும் போனைப் பிடுங்கிவிட வேண்டும். (அக்கா பிடுங்கத்தான் பார்த்தாள். "கம்பெனியிலிருந்து மெசேஜ் வரும்" என்று புளுகித் தப்பித்தேன்.)

'சனிவளையக் கப்பல்' என்று ஒரு தொடர்கதை. எனக்குப் பால்பற்கள் விழுந்துகொண்டிருந்த வயதில் வாரப் பத்திரிகை ஒன்றில் ஐந்து பாகமாக வந்தது. சனிக்கிரகத்தின் வளையத்துக்குள் ஒரு கப்பல் மாட்டிக்கொள்கிறது. உள்ளே மனிதர்கள், அவர்களைக் கட்டி மேய்க்க அல்லி என்கிற இயந்திர மூளை. ஏனோ அது புத்தகமாக வரவே இல்லை. வாரா வாரம் பக்கத்தைக் கிழித்துச் சேர்த்து, பைண்ட் செய்து வைத்த வீடுகளில் மட்டும் அந்தக் கப்பல் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. எங்கள் வீட்டில் அப்பா சேர்த்து வைத்தார். நான் பிறகு வளர்ந்து, அதைச் சோறு போல் தின்றேன்.

அதன் வாசகர்களுக்கென்று இணையத்தில் ஒரு குழு இருந்தது. 'வால்வெள்ளி' என்ற பெயரில் நானும் இருந்தேன். அங்கே கருத்துக்குப் பஞ்சமே கிடையாது. "விஞ்ஞானம் பூஜ்யம், ஆனால் கப்பலில் வைக்கிற ரசம் அபாரம்" என்பார் ஒருவர். முதல் பாகத்தை மட்டும் படித்துவிட்டு ஐந்துக்கும் மார்க் போடுவார் இன்னொருவர். மூன்றாம் பாகத்தைத் தடை செய்யச் சொல்லி ஒருவர் வாரந்தோறும் எழுதுவார். எல்லாவற்றுக்கும் கீழே, அது இரங்கல் செய்தியாகவே இருந்தாலும், "பிடிஎஃப் கிடைக்குமா?" என்று ஓர் ஆத்மா கேட்டுக்கொண்டே இருக்கும். குழுவுக்கு ஒரே ஒரு சட்டம்தான்: எந்தப் பாகத்தின் முடிவையும் வெளிப்படையாகச் சொல்லக் கூடாது. கதை வந்து ஒரு தலைமுறை தாண்டிவிட்டது, இருந்தாலும் மூச்!

நாலாம் பாகத்தின்மேல் எனக்குத் தீராத கோபம். குளிரில் விறைக்கும் மனிதர்களுக்குத் தன் மின்சாரம் முழுவதையும் கொடுத்துவிட்டு அல்லி அணைந்துபோகிறாள். அவ்வளவுதான், பாகம் முடிந்தது. ஐந்தாம் பாகத்தைத் திறந்தால், ஒன்றுமே நடக்காதது போல் பேசிக்கொண்டிருக்கிறாள்! "நாலாம் பாகம் ஓட்டைக் கப்பல். அதைப் படித்து அழுதேன் என்பவர்கள் பக்கத்தில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்திருப்பார்கள்" என்று எழுதினேன். கவிஞன் அல்லவா, உவமை பெருகத்தானே செய்யும்?

'சனிப்பயணி' என்கிற ஒருவர் அதைப் பிடித்துக்கொண்டார். மாதக்கணக்கில் விடவில்லை. முடிவை ஒழுங்காகப் படி என்பார். படித்துவிட்டுத்தான் பேசுகிறேன் அண்ணாத்த என்பேன். ஓய்வுபெற்ற மனிதர், சாய்வு நாற்காலி, மூக்குப்பொடி என்று நானே அவருக்கு ஓர் உருவம் கொடுத்திருந்தேன். அவர் செய்தி வந்தால் தனியாகத் தெரியவேண்டும் என்று போனில் தவளை கத்தும் சத்தம் வைத்திருந்தேன். கொர்ரக்!

இந்த லட்சணத்தில் எனக்கு முப்பத்தாறு வயது. சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸ் வேலை. மிச்ச நேரத்தில் வசனகவிதை. வேலையைப் பார்த்து வந்த வரன்கள் கவிதையைப் பார்த்துத் திரும்பிப் போயின. என்னைவிடப் பத்து வயது மூத்த அக்கா அலைந்து அலைந்து செருப்பு தேய்ந்து கிடந்தாள். "இதான்டா கடைசி. இதுவும் போச்சுன்னா நீ அந்தக் கப்பல்லயே குடும்பம் நட்த்து" என்று சொல்லித்தான் திருவிடந்தைக்கு அழைத்துப் போனாள்.

திருவிடந்தைப் பெருமாள் கோயிலில் கல்யாணத்துக்கு வேண்டிக்கொண்டு மாலை சார்த்துவார்கள். பட்டர் ஒரு மாலையைத் திருப்பித் தருவார். அதைக் கழுத்தில் போட்டுக்கொண்டு பிரகாரத்தை ஒன்பது சுற்று வரவேண்டும். கல்யாணம் ஆகும்வரை மாலை வீட்டில் இருக்கும். ஆனபிறகு ஜோடியாக வந்து அதே கோயிலில் சேர்த்துவிட வேண்டும். எங்கள் பக்கத்தில் பெண் பார்ப்பதற்கும் அதைவிட வசதியான இடம் இல்லை. இரண்டு குடும்பமும் ஏதோ தற்செயலாகச் சந்தித்தது போல் சந்திக்கலாம். பிடிக்காவிட்டால் யாருக்கும் மனத்தாங்கல் இல்லை, சாமி கும்பிட்ட கணக்கு.

பெண்ணின் பெயர் தாமரை. பொத்தேரியில் ஒரு மாணவியர் விடுதி அலுவலகத்தில் வேலை. அப்பா இல்லை. அம்மா செங்கல்பட்டு கோர்ட்டில் வக்கீல். கிரிமினல் பக்கம் நல்ல பெயர் என்று அக்கா காதைக் கடித்தாள்.

தாமரையும் மாலை போட்டுக்கொண்டு முன்னால் போய்க்கொண்டிருந்தாள். கடற்காற்றில் உப்பு; காலடியில் கல் கொதித்தது. "வெயில் சுடுதா?" என்று திரும்பிக் கேட்டாள்.

"வெயில் என்பது சூரியன் பூமிக்கு எழுதும் கடிதம்" என்றேன். (சத்தியமாகச் சொன்னேன்.)

அவள் என் கால்களைப் பார்த்தாள். நான் ஒற்றைக் காலில் மாறி மாறிக் குதித்துக்கொண்டிருந்தேன். "இன்னிக்குத் தபால் நெறைய போல" என்றாள்.

அந்த இடத்திலேயே நான் காலி. இந்தப் பெண் கிடைக்காவிட்டால் இனி எழுதுவதில்லை என்று பெருமாளிடம் சொன்னேன். (அவருக்கு அது மிரட்டலா சலுகையா என்று தெரிந்திருக்காது.)

அப்போதுதான் சட்டைப்பையில் தவளை கத்தியது. கொர்ரக்!

எடுத்திருக்கக் கூடாது. எடுத்தேன். "வால்வெள்ளிக்கு நெஞ்சு இருக்கும் இடத்தில் கருங்கல் இருக்கிறது" என்று எழுதியிருந்தார் சனிப்பயணி. நடந்துகொண்டே பதில் தட்டினேன். மண்டபத்து நிழலில் தாமரையின் அம்மா உட்கார்ந்திருந்தார். மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டுப் போனில் மும்முரமாக எதையோ தட்டிக்கொண்டிருந்தார். கேஸ் விஷயமாக இருக்கும் என்று பணிவாகச் சிரித்துவிட்டுக் கடந்தேன். பின்பக்கம் போவதற்குள் கொர்ரக்! பதில். மறுபடி மண்டபம், மறுபடி சிரிப்பு, மறுபடி கொர்ரக்!

"டேய், சாமிய சுத்திகினே இன்னாடா போனு?" என்று அக்கா தூணோரத்திலிருந்து பல்லைக் கடித்தாள்.

கடைசிச் சுற்றில் ரத்தம் தலைக்கேறிவிட்டது. "உங்களுக்கு மூக்குப்பொடிதான் லாயக்கு அண்ணாத்த, இலக்கியம் இல்லை" என்று அனுப்பினேன். அனுப்பிய இடம், மண்டபத்துக்கு நேர் எதிரே.

தாமரையின் அம்மாவுடைய போன் டிங் என்றது. படித்தார். முகம் சிவந்தது. "எந்த ஊரு பேமானி இவன்? மூக்குப்பொடியாமே!" என்று சொல்லிக்கொண்டே ஆவேசமாகத் தட்டினார்.

என் மாலைக்குள் தவளை கத்தியது.

அவர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். பிறகு, பார்வையை எடுக்காமலே, ஒற்றை விரலால் ஒரு புள்ளி மட்டும் வைத்து அனுப்பினார்.

கொர்ரக்!

இன்னொரு புள்ளி.

கொர்ரக்!

சாட்சி, தடயம் எல்லாம் முடிந்தது. "தம்பி, இங்க வா" என்றார். போனேன். "வால்வெள்ளி நீதானா?"

"ஆமாம்மா."

"நான்தான் உன் அண்ணாத்த."

சட்டைப்பையைக் கையால் பொத்திக்கொண்டேன்.

அக்கா ஓடிவந்தாள். "இன்னாங்க ஆச்சு? யாரு அண்ணாத்த?"

"நீ சும்மா இரும்மா. நான் இவன விசாரிக்கணும்." என் பக்கம் திரும்பினார். "எனக்குத் தவளையா வெச்சிருக்க? சரி, அத அப்பால பாத்துக்கறேன். நாலாம் பாகம் படிச்சியா?"

"படிச்சேன்."

"முழுசா?"

"முழுசா!" எனக்கும் ரோஷம் வந்தது.

"கடைசி அத்தியாயத்துல அல்லி கண்ணு முழிச்சதும் மொதல்ல இன்னா கேக்கறா?"

"எங்கே முழிக்கிறாள்? அவள்தான் அணைந்துவிட்டாளே. அதற்கடுத்த பக்கம் அட்டைதானே?"

வக்கீலம்மாவின் முகத்தில் கோபம் வடிந்து திகைப்பு ஏறியது. "அய்யோ, அதுக்கப்புறம் இன்னொரு வாரத்துக் கத கீது தம்பி. கப்பல்ல கீற புள்ளைங்கல்லாம் ஒவ்வொருத்தரா தன் சூட்டத் திருப்பிக் குடுப்பாங்களே… நீ அதப் படிக்கவே இல்லியா?"

கோயில் எனக்குச் சுற்றியது. பாதிக் கப்பலை வைத்துக்கொண்டா முழு உலகத்தோடும் சண்டை போட்டேன்?

பின்னாலிருந்து அக்காவின் குரல் மெதுவாக வந்தது. "அந்தப் பக்கத்துக்குப் பின்னால ஒரு பஃப் கை ஜாக்கெட்டு டிசைன் போட்டிருந்தான்டா. கிழிச்சி டைலர் கடைக்கு எட்த்துகினு போனேன். திருப்பி வாங்க மறந்துட்டேன்." சற்று நிறுத்தி, "ஆனா ஜாக்கெட்டு நல்லா வந்துச்சி" என்றாள்.

தாமரை மாலையோடு தூணில் சாய்ந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். தோள் குலுங்கியது. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று பார்க்கக்கூட எனக்குத் தெம்பில்லை.

இன்றைக்கு வக்கீலம்மாவின் முழு நாலாம் பாகம் எங்கள் வீட்டு அலமாரியில் இருக்கிறது. சீர்வரிசையில் வெள்ளிக் குத்துவிளக்குக்குப் பக்கத்தில் வைத்து வந்தது. மாலையிலிருந்து உதிர்ந்த துளசியைத் தாமரைதான் கடைசி அத்தியாயத்தில் செருகினாள். மாமியாருக்கு என்மேல் கோபம் வந்தால் திட்டுவதில்லை. போனில் ஒரு புள்ளி மட்டும் வரும். பிள்ளைகள் உடனே கோரஸாகத் தவளை மாதிரி கத்துவார்கள். உறவில் எந்தக் கல்யாணமானாலும், அக்கா ஜாக்கெட் தைக்கக் கொடுக்கும்போது, "பின்பக்கம் கதை இருக்கான்னு பாத்துக்கோ" என்று யாராவது ஒருவர் சொல்லாமல் இருப்பதில்லை.

ஆனால் அன்றைக்கு இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? கடற்கரைச் சாலையில், பஸ் நிறுத்தத்தில், வாடிய மாலையை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு, தீர்ப்புக்குக் காத்திருந்தேன். அவர்கள் பஸ் தூரத்தில் தெரிந்ததும் வக்கீலம்மா வாயைத் திறந்தார்.

"ஞாயித்துக்கெழம வூட்டுக்கு வா. அந்த அத்தியாயம் எங்கிட்ட கீது. என் எதிர்ல உக்காந்து படிக்கணும். கண்ணுல தண்ணி வந்துதுன்னா மேல பேசலாம். வரலன்னா பொண்ணு இல்ல, சொல்ட்டேன்."

பஸ் வந்து நின்றது. அவர் ஏறினார். தாமரை படியில் ஒரு காலை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"தண்ணி வரலன்னா ஜாடை காட்டுங்க" என்றாள். "நான் பக்கத்துல வெங்காயம் நறுக்கறேன்."