மருமகளின் பரீட்சைக்கு நான் ஆள் பிடித்த கதை

எனக்கு எழுபத்தாறு வயது. ஆறு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். (தனியாகத்தான் வளர்த்தேன் என்றால் பெரியவன் கோபித்துக்கொள்வான், தூளி ஆட்டியது அவன்.) எங்கள் ரப்பர் தோட்டத்துக் கல்யாணப் பந்தியில் யாரை எங்கே உட்கார வைப்பது என்று என்னைத்தான் கேட்பார்கள். அந்தத் தலைக்கனம்தான் என்னை மருமகளின் பரீட்சைக்குள் இழுத்துவிட்டது.

மருமகள் சாந்தி பகாவ் டவுனில் ஒரு லாயர் ஆபீசில் கிராணி, குமாஸ்தா வேலை. சட்டக் கல்லூரியில் சேர நுழைவுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். இந்த முறை தவறினால் புத்தகத்தை மூடிவிடுவதாக என் மகனிடம் சொல்லியிருந்தாள். மற்றதெல்லாம் வந்தது, ஒரு வகைக் கேள்வி மட்டும் வரவில்லை. ஐந்து பேர் வரிசையாக உட்கார வேண்டும், இன்னார் பக்கத்தில் இன்னார் கூடாது, ஒருவர் ஓரத்தில்தான், அப்படியானால் நடுவில் யார்? தாளில் கட்டம் போட்டுப் போட்டு அழித்தாள்.

"கட்டம் எதுக்கும்மா? ஆளையே உட்கார வெச்சுப் பாத்துடலாம்லா" என்றேன்.

கோயிலிலிருந்து வந்த ஐந்து பேரை வாசல் பெஞ்சுக்கு இழுத்து வந்தேன். கேள்வியில் இருந்த வெள்ளைக்காரப் பெயர்களுக்குப் பதிலாக இவர்கள் பெயரைப் போட்டேன். தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் சுப்பையா ஓரத்தில். பாக்கியம் பக்கத்தில் ராமாயி உட்காரக் கூடாது என்று அறிவித்தேன். (ஒரு கோழிக்காகச் சண்டை போட்டுப் பேசாமலிருந்த இருவரும் அன்றுதான் கோயிலில் ராசியானார்களாம். எனக்கு யார் சொன்னார்கள்?)

"அக்கா, யாரு அப்படிச் சொன்னது?" என்றாள் பாக்கியம்.

"புக்குல போட்டிருக்கு."

"எங்க சண்டைய எந்த புக்குல போட்டாங்க?"

பழைய கோழி மறுபடி கூவியது. ராமாயி எழுந்தாள், அவளைப் பிடிக்க மற்றவர்களும் எழுந்தார்கள். பெஞ்சு ஒரு பக்கம் தூக்கிக்கொள்ள, ஓரத்தில் இருந்த மண்டோர் தரைக்கு வந்தார்.

சாந்தி கடிகாரத்தைப் பார்த்தாள். "அத்தை, இப்ப நடுவுல யாருமே இல்ல."

தேர்வில் அதே மாதிரிக் கேள்வி வந்ததாம். 'ஓரத்தில் இருப்பவர்' என்று படித்ததுமே மண்டோர் விழுந்தது நினைவுக்கு வந்து சிரித்திருக்கிறாள். சிரிப்பை அடக்குவதற்குள் நேரம் போய்விட்டது. தவறிவிட்டாள்.

ஆனால் புத்தகத்தை மூடவில்லை. அடுத்த முறை நான் தம்பினில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போயிருந்த நேரமாகப் பார்த்துப் படித்தாள், தேறினாள், இன்று அவளும் லாயர். (நான் உட்கார வைத்ததில் தப்பில்லை. உட்கார்ந்தவர்கள் சரியில்லை.)

அதிலிருந்து எங்கள் வீட்டில் யாருக்குப் பரீட்சை வந்தாலும் முதலில் என் துணிப்பையைத்தான் கட்டி வைக்கிறார்கள். நான் சொல்லச் சொல்ல இதை எழுதும் பேத்தி கவிதாவுக்கு அடுத்த வாரம் பரீட்சை.

போதும் கவிதா, எழுதினத ஒரு தடவ படிச்சுக் காட்டு. தம்பின் பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்கு.