பல் டாக்டரின் பேய்ப்பந்து

"அசையாதீங்க. வாயை மூடாதீங்க. பேய் அங்கதான் நிக்குது."

கடைசி வார்த்தைகளைப் பல் டாக்டர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ஆனால் நாற்காலியில் மல்லாந்து கிடந்த தையற்காரருக்குக் கடைவாய்ப் பல்தான் சொத்தை, காது சொத்தையில்லை. அவர் மெதுவாகக் கண்ணைத் திறந்து பார்த்தார். டாக்டர் இடது கண்ணை இறுக மூடிக்கொண்டு, வலது கண்ணால் அவர் வாய்க்குள் யாரையோ தேடிக்கொண்டிருந்தார்.

அடுத்த நிமிடம் நாற்காலி காலி. கழுத்தில் கட்டிய துணியோடு தையற்காரர் மூன்று மாடியையும் இறங்கி ஓடும் சத்தம் கேட்டது.

டோக்கன் கொடுக்கும் பெண் எட்டிப் பார்த்தாள். "என்ன சார், வலிச்சிடுச்சா?"

"இன்னும் தொடவே இல்லையே!"

"வாய்க்குள்ள பேய் இருக்குன்னு சொன்னீங்களாம். படியெல்லாம் கத்திக்கிட்டே போறாரு."

டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். வைத்த கையில் குறடு இருந்தது.

விஷயம் இதுதான். டாக்டருக்கு மூன்றாம் மாடி. பல்வலியோடு படியேறுகிற மனிதன் இரண்டாம் மாடியிலேயே வலி தேவலை என்று திரும்பிப் போய்விடுவான். கிளினிக்கில் ஈ ஓட்டவும் ஈ வருவதில்லை, அதற்கும் மூன்று மாடி அதிகம். இப்படியே போனால் கடையைக் கட்டிவிட்டு, மச்சானுடைய பெரிய மருத்துவமனையில் போய்க் கைகட்டி நிற்க வேண்டியதுதான். "வாங்க மாப்பிள்ளை, இப்பவாவது வந்தீங்களே" என்று மச்சான் சிரிக்கப்போகும் சிரிப்பு இப்போதே அவர் கனவில் வந்துகொண்டிருந்தது.

இந்த நேரத்தில்தான் தரைத்தளத்துச் செருப்புக் கடை காலியானது. டாக்டர் ஓடிப்போய்க் கேட்டார். அவருக்கு முன்னால் இரண்டாம் மாடிக் கண் டாக்டர் கேட்டு முடித்திருந்தார். கட்டடக்காரம்மாவுக்கு இருவரும் வேண்டியவர்கள். நான்காம் மாடியில், மேசைமேல் பந்துகளைக் கம்பால் அடித்துக் குழிக்குள் தள்ளும் பில்லியர்ட்ஸ் கூடம் நடத்துகிறவர் அவர். "எதுக்கு சண்டை? வர்ற ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஒரே ஒரு ஆட்டம். ஜெயிச்சவருக்குக் கீழ் ரூம்" என்று சொல்லிவிட்டார்.

கண் டாக்டரோடு பல் டாக்டர் அதுவரை ஆடியது பதினொரு ஆட்டம். பதினொன்றிலும் தோல்வி.

ஆறே நாள்தான் இருந்தது. டாக்டர் கைப்பேசியில் தேடித் தேடி ஒரு பாடத்தைக் கண்டுபிடித்தார். குழியில் விழ வேண்டிய பந்தைப் பார்த்து அடிக்கக் கூடாதாம். அது விழ வேண்டுமானால் வெள்ளைப் பந்து எந்த இடத்தில் வந்து அதை முட்ட வேண்டுமோ, அந்த இடத்தில் இன்னொரு பந்து இருப்பதாகக் கண்ணால் காண வேண்டுமாம். இல்லாத அந்தப் பந்துக்குப் பெயர்தான் பேய்ப்பந்து. குறி அதன்மேல். முதலில் வீட்டில் பழகு, பிறகு காண்கிற உருண்டைகளிலெல்லாம் பழகு என்று பாடம் சொன்னது. டாக்டர் காண்கிற உருண்டையெல்லாம் கடைவாய்ப் பல்லாக இருந்தால் அவர் என்ன செய்வார்?

"விளக்கமா ஒரு போர்டு வெச்சிடலாம் சார்," என்றாள் டோக்கன் பெண். "ஜனங்க பயம் போயிடும்."

நல்ல யோசனையாகத்தான் பட்டது. மாலைக்குள் மாடிப்படியின் அடியில் போர்டு ஏறியது: 'பல் மருத்துவமனை. இங்கே பேய் கிடையாது.'

அதுவரை மாடிப்படியில் இருந்தவர்களுக்குத்தான் விஷயம் தெரியும். மறுநாள் காலை தெருவுக்கே தெரிந்துவிட்டது. பஞ்சு கொண்டுவருகிறவன் மூட்டையைக் கீழேயே போட்டுவிட்டு, "நீங்களே வந்து எடுத்துக்குங்க சார்!" என்று தெருவிலிருந்து கூவினான். கட்டடக்காரம்மா மூச்சிரைக்க மூன்று மாடி ஏறி வந்தார்.

"டாக்டர், புத்தி இருக்கா உங்களுக்கு? பேய் கிடையாதுன்னு போர்டு வெச்சா, நேத்துவரைக்கும் இருந்துச்சுன்னு அர்த்தமாகாதா?"

"அது பேய் இல்லம்மா, பேய்ப்பந்து."

"பந்து பிடிச்ச பேயா?"

"இல்லம்மா. கண்ணுக்குத் தெரியாது. ஆனா நமக்குத் தெரியணும். தெரிஞ்ச இடத்துல ஒரே போடா போடணும்."

கட்டடக்காரம்மா ஓரடி பின்வாங்கினார். பிறகு, அவருக்கு முதுகைக் காட்டாமலே படியிறங்கிப் போனார்.

போர்டைக் கழற்றியாயிற்று. கழற்றியதும் வேறு கேள்வி வந்தது. "அப்போ திரும்பி வந்துடுச்சா?"

"சார், அந்த வார்த்தையை விட்டுடுங்க," என்றாள் டோக்கன் பெண். "நாசூக்கா ஆவின்னு சொல்லுங்க. ஆவிப்பந்து."

அன்று மதியம் கன்னம் வீங்கி ஒரு டீச்சரம்மா வந்தார். வெளியூரிலிருந்து புதிதாக மாற்றலாகி வந்தவர், கதை எதுவும் தெரியாதவர். டாக்டர் நல்லபடியாகச் சோதித்தார். ஒற்றைக் கண்ணை மூடவில்லை. உருண்டை எதையும் நினைக்கவில்லை.

"இது பல்லு இல்லம்மா, சளி. தினமும் ரெண்டு வேளை ஆவி பிடிங்க."

வெளியே டோக்கன் பெண் நாக்கைக் கடித்துக்கொண்டாள். காத்திருந்த இரண்டு பேரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அவர்களுக்குக் கதை தெரியும்.

"நல்லா போர்வையைப் போட்டு மூடிக்குங்க," என்றது டாக்டரின் குரல். "இல்லேன்னா தப்பிச்சுப் போயிடும். பயப்படாதீங்க, நானே வீட்ல தினமும் பிடிக்கிறேன்."

டீச்சரம்மா நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தபோது, காத்திருந்த இரண்டு பேருடைய செருப்புகள் மட்டும் அங்கே இருந்தன. கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதை என்பார்கள். டாக்டர் மூடிய கிணற்றிலிருந்தும் கிளப்பிக்கொண்டிருந்தார்.

வீட்டிலும் அமைதி இல்லை. சனிக்கிழமை காலை மனைவி எழுந்து வந்தபோது, அவர் சாப்பாட்டு மேசையில் கன்னத்தை ஒட்டவைத்து, ஒட்டடைக் கம்போடு குனிந்திருந்தார். எதிரில் இரண்டு ஆரஞ்சுப் பழம்.

"என்னங்க பண்றீங்க?"

"ஷ்ஷ்! பேய் தெரியமாட்டேங்குது."

"எனக்கு நல்லாத் தெரியுது," என்றாள் அவள், அவரையே பார்த்துக்கொண்டு. "பேய்க்கு வாக்கப்பட்டா புளியமரம் ஏறித்தான் ஆகணும். தள்ளுங்க, தட்டு வைக்கணும்."

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். முகம் வாடியிருந்தது. "நாளைக்குத் தோத்தா உங்க அண்ணன்கிட்டதான் போகணும்."

அவள் தட்டை வைக்கவில்லை. தன் அண்ணனை அவளுக்குத் தெரியும். இரண்டு பழத்தையும் எடுத்து, மேசை நடுவில் ஒட்டினாற்போல் வைத்தாள். "இப்ப ரெண்டும் தெரியுதா? நல்லாப் பாத்துக்குங்க." பிறகு ஒன்றைச் சட்டென்று எடுத்துவிட்டாள். "இப்போ?"

எடுத்த பழம் இருந்த இடத்தில் அது இன்னும் இருந்தது! வட்டமாக, மங்கலாக, ஆனால் இருந்தது. டாக்டர் நாற்காலியைத் தள்ளிவிட்டுக் குதித்தார். "தெரியுது! பேய் தெரியுது!"

பக்கத்து வீட்டு ஜன்னல் படாரென்று சாத்தப்பட்டது.

ஞாயிறு சாயங்காலம் நான்காம் மாடியில் எள் போட்டால் எண்ணெய்தான். பேய் பிடித்த டாக்டர் ஆடுகிறார் என்று கேள்விப்பட்டு, பில்லியர்ட்ஸ் என்றால் என்னவென்றே தெரியாதவர்களும் படியெல்லாம் நிறைந்திருந்தார்கள். தையற்காரரும் வந்திருந்தார், கதவுக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டார்.

"என்ன, ஒரு கண்ணை மூடிக்கிட்டு ஆடுற?" என்று சிரித்தார் கண் டாக்டர். "உன் ஆட்டத்துக்கு ரெண்டையும் மூடினாலும் ஒண்ணுதான்."

பல் டாக்டர் கம்பை நீட்டினார். முதல் பந்தை அடித்தார். உள்ளே. இரண்டாவதும் உள்ளே. கண் டாக்டரின் சிரிப்பு பாதியில் நின்றது. பிறகு அவரும் சளைக்காமல் ஆடினார். ஒருவர் முந்த, மற்றவர் பிடிக்க, கடைசியில் மேசையில் இரண்டு பந்துதான் மிச்சம், வெள்ளையும் கறுப்பும். கறுப்பைத் தள்ளுகிறவருக்குக் கீழ் ரூம்.

கண் டாக்டர் அடித்தார். கறுப்பு குழியின் உதட்டை நக்கிவிட்டு வெளியே வந்து நின்றது.

இப்போது இவர் முறை. ஓரத்தில் மெல்லிசாகத் தொட்டால்தான் விழும். டாக்டர் கம்பின் நுனியைத் துடைத்தார். மச்சானின் சிரிப்பு காதில் கேட்டது. குனிந்தார், இடது கண்ணை மூடினார், மூச்சை அடக்கினார். எங்கே அது? எங்கே? கறுப்புக்குப் பக்கத்தில் ஒன்றுமே இல்லை. வெறும் பச்சைத் துணி.

கூட்டத்திலிருந்து மனைவியின் குரல் வந்தது: "ஆரஞ்சுப் பழங்க!"

தெரிந்துவிட்டது. கறுப்பை ஒட்டி, வட்டமாக, அழகாக, சமர்த்தாக உட்கார்ந்திருந்தது அது. டாக்டர் அடித்தார்.

கறுப்பு பவ்வியமாகத் திரும்பி, குழிக்குள் இறங்கி மறைந்தது.

அவருக்குத் தலைகால் புரியவில்லை. கம்பைத் தூக்கிக்கொண்டு ஜன்னலுக்கு ஓடினார். ஊரே கேட்கட்டும் என்று கத்தினார்: "பேயைப் பாத்துட்டேன்! ஒரே அடி! குழிக்குள்ள தள்ளிட்டேன்! இனிமே வராது!"

தெருவில் போய்க்கொண்டிருந்தவர்கள் நின்றார்கள். தையற்காரர் முதல் ஆளாகக் கைதட்டினார்.

ஒரு வாரத்தில் நாற்காலி, விளக்கு, குறடு எல்லாம் கீழே இறங்கின. திறந்த அன்று காலை டாக்டர் தெருமுனை திரும்பியதும் அப்படியே நின்றுவிட்டார். வரிசை! கிளினிக் வாசலில் தொடங்கி, ரொட்டிக் கடையைத் தாண்டி, அடுத்த தெருவுக்குள் போயிற்று. டோக்கன் தீர்ந்துபோய், டோக்கன் பெண் காகிதத்தைக் கிழித்து எழுதிக்கொண்டிருந்தாள்.

டாக்டருக்குக் கண் கலங்கிவிட்டது. மனைவிக்குப் போன் போட்டார். "பாத்தியா? நான்தான் சொன்னேனே, அந்த மூணு மாடிதான் என் எமன்! உங்க அண்ணன்கிட்ட சொல்லிடு, மாப்பிள்ளைக்கு மூச்சுவிட நேரமில்லைன்னு!"

கையுறையை மாட்டிக்கொண்டார். முதல் டோக்கன் ரொட்டிக் கடைக்காரர். நாற்காலியைச் சாய்த்து, விளக்கைப் போட்டு, இரண்டு கண்ணாலும் நன்றாகப் பார்த்தார். மேல் வரிசை, கீழ் வரிசை, கடைவாய். முப்பத்திரண்டும் முத்துப்போல் இருந்தன.

"உங்க பல்லுல ஒரு குறையும் இல்லையே! எங்க வலிக்குது?"

ரொட்டிக் கடைக்காரர் வாயை மூடிக்கொண்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "பல்லுக்கென்ன டாக்டர், அது நல்லாத்தான் இருக்கு. எங்க கடைப் பின்கட்டுல ஒண்ணு உக்காந்திருக்கு, அதையும் கொஞ்சம் குழிக்குள்ள தள்ளிட்டீங்கன்னா, வெளிய நிக்கிறவங்க வீட்டுக்கெல்லாம் வரிசையாப் போயிட்டு வந்துடலாம்."