பூனைக்குப் போட்ட சிவப்புக் குறி

என் மேல் பாசத்தையும் சந்தேகத்தையும் சம அளவில் வைத்திருக்கும் அக்காவுக்கு,

தம்பி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. நானும் இவளும் வாண்டும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். மாமாவின் முழங்கால் இப்போது மடங்குகிறதா? போன் பண்ணியிருக்கலாம், ஆனால் போன் என்றால் நீ பேசுவாய், நான் ‘ம்’ கொட்டுவேன். கடிதத்தில்தான் என் வாய்க்கு இடம் கிடைக்கும். அதனால் குறுக்கே பேசாமல் படி.

விஷயம் இதுதான். வாண்டுவின் ஐந்தாவது பிறந்தநாளுக்கு ஒரு வருடச் சந்தா கட்டி மாதாமாதம் கைவேலைப் பெட்டி அனுப்ப வைத்தாயே, அதைத் தயவுசெய்து நிறுத்திவிடு. பெட்டி மேல் குற்றமில்லை. பிளாஸ்டிக் மருந்துக்குக்கூடக் கிடையாது. எல்லாம் அட்டை, சணல், காய்கறிச் சாயம். மண்ணில் போட்டால் மண்ணாகிவிடும் என்று எழுதியிருக்கிறது. குற்றம் முழுக்க என் மேல்தான்.

முதல் மாதம் அட்டைப் பூனை வந்தது. வாண்டு தானே வெட்டி, தானே ஒட்டி, நான் வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் ஓடிவந்து என் கையில் வைத்தாள். உனக்குத்தான் தெரியுமே, பதினாறு வருடமாக பம்பு கம்பெனியில் எனக்கு ஒரே வேலை. உருப்படி கைக்கு வரும், திருப்பிப் பார்ப்பேன், தடவிப் பார்ப்பேன், கோணல் இருந்தால் சிவப்புப் பேனாவால் ஒரு பெருக்கல் குறி போட்டு இடது பக்கம் வைத்துவிடுவேன், அது கழிவு டிரம்முக்குப் போய்விடும். அன்றைக்குப் பூனையையும் என் கை திருப்பிப் பார்த்தது. ஒரு கால் குட்டை. சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்ததும் மூடியைத் திறந்ததும் சத்தியமாக எனக்குத் தெரியாது. குறி போட்டு இடது பக்கம் வைத்த பிறகுதான் தெரிந்தது.

படிக்கத் தெரியாத குழந்தைதானே என்று நினைக்காதே. கம்பெனிக்குக் குடும்பத்தோடு வரச்சொன்ன நாளில் அவள் எல்லாவற்றையும் பார்த்தவள். மெதுவாகக் கேட்டாள்:

“அப்பா, என் பூனையை அந்த டிரம்முல போட்டுருவியா?”

நான் வாயைத் திறப்பதற்குள் இவள் அடுப்படியிலிருந்து, “அது பூனைங்க, பம்பு இல்ல. அஞ்சு வயசுப் புள்ள செஞ்ச கால் எத்தனை மில்லி கொறஞ்சா உங்களுக்கு என்ன?” என்று கேட்டாள். நியாயமான கேள்வி.

குறியை அழித்துவிடலாம் என்று கம்பெனியிலிருந்து கொஞ்சம் பெயின்ட் தின்னர் கொண்டுவந்து துடைத்தேன். குறி அப்படியே இருக்கிறது. பூனையின் முகம் போய்விட்டது.

இரண்டாம் மாதம் விதை வைத்த காகிதம். ஊறவைத்து நட வேண்டுமாம். சமாதானமாகட்டும் என்று அவள் எழுந்திருக்கும் முன்பே நானாக எல்லாவற்றையும் அள்ளி வாளித் தண்ணீரில் போட்டேன். அதில் பீட்ரூட் சாயப் பொட்டலமும் இருந்தது என்பதோ, வாளிக்குள்ளே அடியில் இவளுடைய இரண்டு வெள்ளை யூனிஃபார்ம் ஊறிக்கொண்டிருந்தது என்பதோ, பத்தாவதில் கணக்கில் மட்டும் தேறியவனுக்கு எப்படித் தெரியும்? ரோஸ் நிறமாகிப்போன ஒன்றைப் போட்டுக்கொண்டு இவள் ஆஸ்பத்திரிக்குப் போக, பெரிய நர்ஸம்மா “என்னம்மா, புது வார்டு திறந்திருக்கோமா?” என்று கேட்டாராம். மூலையில் ஈரமாகக் கிடந்த இன்னொன்றின் பையில் நாலாம் நாள் கீரை முளைத்திருந்தது. பார்த்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள், வாண்டு மட்டும் சிரிக்கவில்லை. “அது நான் நடணும்னு வச்சிருந்தது” என்றாள்.

அன்றிலிருந்து சாப்பாட்டு மேஜைக்கு அடியில்தான் அவளுடைய வேலை. சுற்றிலும் போர்வை தொங்குகிறது. அம்மா வரலாம், பக்கத்து வீட்டு நாய் வரலாம், நான் வரக்கூடாது. மூன்றாவது பெட்டி நேற்று வந்தது. இன்று ஞாயிற்றுக்கிழமை, காலையிலேயே போர்வைக்கு வெளியே போய்க் குந்தினேன்.

“அப்பா, நீ வேலைக்குப் போ.”

“இன்னிக்கு லீவுடா கண்ணு.”

“அப்ப தூங்கு.”

அக்கா, இதற்கு மேல் என்ன சொல்ல? அவள் அழுதால் தூக்கிக்கொள்ளலாம், அடித்தால் வாங்கிக்கொள்ளலாம். வாண்டோ என்னை மரியாதையாக அனுப்பிவைக்கிறாள். ஒவ்வொரு பெட்டி வரும்போதும் குழந்தை என்னைவிட்டு ஒரு முழம் தள்ளிப் போகிறாள். இன்னும் ஒன்பது பெட்டி பாக்கி. ஒன்பது முழம் தள்ளிப் போனால் என் கைக்கு எட்டமாட்டாள். அதனால்தான் வெட்கத்தை விட்டுக் கேட்கிறேன், நிறுத்திவிடு.

மாமாவுக்கு என் வணக்கம். பெரியவனுக்குப் பரீட்சை நல்லபடியாக அமையட்டும், சின்னவளுக்கு அடுத்த பல் நேராக முளைக்கட்டும், உனக்கு என் மேல் கோபம் வராமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் தம்பி

பின்குறிப்பு: நிறுத்தாதே. ஒன்பதும் வரட்டும். கையெழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள், இடது கையால் எழுதுகிறேன். மேலே கையெழுத்துப் போட்டு முடித்தபோது போர்வைக்குள்ளிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்து, “அப்பா, உன் விரல் பெருசா?” என்றது. “ஓரளவு” என்றேன். “அப்ப உள்ள வா” என்றது. கடிதத்தோடு தவழ்ந்து போனேன். யானைக்குக் காது ஒட்டியிருக்கிறாள். மாவுப் பசை காய அரை மணி நேரம் ஆகுமாம். “இதை அமுக்கிப் புடிச்சுக்கோ, ஆடக்கூடாது” என்று சொல்லிவிட்டுப் போனவள், அம்மா பக்கத்தில் படுத்துத் தூங்கிவிட்டாள் என்று நினைக்கிறேன். காது தலைகீழாக இருக்கிறது. நான் ஒன்றும் சொல்லவில்லை. அவள் எழுந்து வந்து போதும் என்று சொல்லும்வரை எழுந்திருக்க முடியாது. இந்தக் கடிதம் உனக்கு ஒரு நாள் தாமதமாகத்தான் வரும்.