ஏழாவது கையெழுத்து

வெண்மணல் நாட்டில் மேம்படுத்தப்படாமல் மிச்சமிருந்தது கடற்கரை அரபுக் கல்லூரி ஒன்றுதான். அதையும் சீர்செய்ய மன்னர் தம் மேம்பாட்டு அதிகாரியை அனுப்பினார். போன அரசவைத் தேர்தலில் ஒருவர் விடாமல் எல்லோரையும் வாக்களிக்க வைத்துப் பேர் வாங்கியவர் அவர்.

கல்லூரியில் பாடம் நடத்தியவர் நஜ்முத்தீன் ஹஜ்ரத் ஒருவரே. அவரிடம் ஏழு வருடம் ஓதிய இஸ்ஹாக்குக்கு இன்னும் ஒரே ஒரு பாடம் பாக்கி. அதை அவர் முன்னால் உட்கார்ந்து ஓதிக் காட்டினால் சனது கிடைக்கும். சனது என்றால் வெறும் சான்றிதழ் இல்லை. யார் யாரிடம் நேரில் கேட்டு ஓதினார் என்று, கல்லூரியை நிறுவியவர் வரை ஏழு உஸ்தாதுகளின், அதாவது ஆசிரியர்களின், பெயர் அதில் வரிசையாக இருக்கும். ஹஜ்ரத்தின் பெயர் ஏழாவது.

போன வருடத்துச் சனது ஒன்றை வாங்கிப் பார்த்த அதிகாரி, அதை ஆசிரியர் பட்டியல் என்றே எடுத்துக்கொண்டார்.

“ஏழு பேர்ல ஒருத்தர்தான் இருக்கீங்க. மத்தவங்க?”

“மவுத்தாயிட்டாங்க சார். பின்னால கபரஸ்தான்ல அடக்கமாகி இருக்காங்க.”

“வளாகத்துக்குள்ளதானே? வருகைப் பதிவேட்டுல கையெழுத்துப் போட என்ன சிரமம்?”

ஏழு கையெழுத்தும் விழாமல் சனது கொடுக்கக் கூடாது என்று ஆணை வந்தது. ஹஜ்ரத்துக்குச் சிரிப்புதான் வந்தது. மறுநாள் காலை பதிவேட்டைத் திறந்ததும் அந்தச் சிரிப்பு நின்றுபோனது. ஆறு கையெழுத்துகள், மை காயாமல். ஆறாவது அவருடைய உஸ்தாதின் கையெழுத்து; கடைசி எழுத்தை மேலே இழுத்துவிடும் அதே பழக்கம்.

அதிகாரி அசரவில்லை. விடுப்புக் கேட்காத, குறுக்கே பேசாத அந்த ஆறு பேரையே ஆட்சிக் குழுவாக அமர்த்தினார். குழு கூடியதை யாரும் பார்க்கவில்லை. பூட்டிய அறைக்குள் நாற்காலிகள் நகரும் சத்தம் மட்டும் கேட்டது. மாணவர்கள் சந்தேகம் கேட்பது நிர்வாகத்துக்கு இடைஞ்சல் என்று ஒருமனதான தீர்மானம் வெளியே வந்தது.

“எங்க உஸ்தாது இதுல கையெழுத்துப் போட மாட்டாங்க. நான் கேள்வி கேக்காத அன்னிக்குப் பாடமே எடுக்க மாட்டாங்க,” என்றார் ஹஜ்ரத்.

“போட்டிருக்காரே,” என்றார் அதிகாரி அன்பாக, பதிவேட்டை நீட்டி. “நீங்களும் போட்டிருக்கீங்க.”

பதிவேட்டின் ஏழாவது வரியில் ஹஜ்ரத்தின் கையெழுத்து இருந்தது. நாளைய தேதிக்கும் இருந்தது. வருடக் கடைசி வரைக்கும் இருந்தது.

“இனி நீங்க சிரமப்பட்டு வர வேண்டியதில்ல, ஹஜ்ரத்.”

இஸ்ஹாக்கின் சனதும் ஏழு கையெழுத்தோடு தயாராக இருந்தது. அவன் அதை வாங்கி, பார்க்காமலே மேசைமேல் வைத்தான்.

“கடைசிப் பாடம் இன்னும் ஓதலையே, ஹஜ்ரத். அதுல எனக்கொரு சந்தேகம்.”

ஹஜ்ரத்துக்குக் கண் கலங்கிவிட்டது. “கேளுப்பா,” என்று கிதாபைப் பிரித்தார்.

அதிகாரி பதிவேட்டைப் புரட்டினார். அந்தப் பாடம் போன வாரமே முடிந்ததாக அதில் இருந்தது. வாசலில் நின்று வகுப்பறையை ஒருமுறை நன்றாகப் பார்த்தார். இஸ்ஹாக் சந்தேகம் கேட்டுக்கொண்டிருந்தான். ‘உள்ளே யாருமில்லை’ என்று பதிவேட்டில் எழுதிவிட்டு, கதவை வெளியே பூட்டிச் சீல் வைத்தார்.