தோற்ற கட்சிக்கு ஒரு படம்

“நான் தோத்தவன்னு உங்ககிட்ட யாரும்மா சொன்னது?” என்று கேட்ட தையல்காரர், சட்டையில் மாட்டியிருந்த மைக்கைப் பிடுங்கி இயக்குநரின் கையில் கொடுத்துவிட்டு மறுபடியும் மிஷினை மிதிக்க ஆரம்பித்தார்.

கேமராவுக்குப் பின்னால் நின்றிருந்த அவளுடைய கணவர் கொட்டாவி விட்டார். இயக்குநர் விடவில்லை. எதையும் விடுகிற வழக்கமே அவளுக்குக் கிடையாது. சொந்தக்காரர்கள் அவள் இல்லாதபோது அவளை ‘உடும்பு’ என்றுதான் சொல்வார்கள்.

விஷயம் இதுதான். கடைத்தெருவுக்குள் வண்டிகள் வரலாமா கூடாதா என்று போன வருஷம் ஊரே ஓட்டுப் போட்டது. கூடாது என்றவர்கள் ஜெயித்தார்கள். தெருமுனையில் இரும்புத் தூண்களை நட்டு, நடுவில் பெஞ்சுகளையும் பூந்தொட்டிகளையும் வைத்தார்கள். வண்டி வேண்டும் என்று கத்திய கடைக்காரர்களை அதன்பின் யாரும் சட்டை செய்யவில்லை.

இயக்குநர் ஓட்டுப் போட்டது ஜெயித்த பக்கத்துக்கு. ஒருநாள் அந்தப் பெஞ்சில் சுகமாகக் கால் நீட்டி உட்கார்ந்திருந்தபோது, எதிரே கட்டில் கடைக்காரர் ஆளில்லாத கடை வாசலில் நிற்பதைப் பார்த்தாள். மனசு உறுத்தியது. இவர்கள் பேச்சை ஊர் கேட்டே ஆக வேண்டும் என்று அங்கேயே முடிவு செய்தாள். ஒரு தொலைக்காட்சியும் அரை மணி நேரம் கொடுத்தது. படத்தில் வருகிறவர்கள் எல்லோரும் பார்த்துச் சம்மதிக்க வேண்டும், வெள்ளிக்கிழமைக்குள் படம் கைக்கு வர வேண்டும், இல்லாவிட்டால் அந்த நேரத்தில் ஜெயித்தவர்களின் பாட்டுக் கச்சேரியைப் போட்டுவிடுவோம் என்றது.

“கச்சேரியா? என் பிணத்து மேலதான் நடக்கும்!” என்று சபதம் செய்துவிட்டு வந்திருந்தாள்.

“அண்ணே, படத்தோட பேரே ‘தோற்றவர்கள் பேசுகிறார்கள்’தான். அதனாலதான் கேட்டேன்” என்றாள் தையல்காரரிடம்.

“பேரை மாத்துங்க. பேசுறேன்.”

பெயர் ‘மறுபக்கம்’ என்று மாறியது. தையல்காரர் பேசினார். பேசி முடித்த கையோடு கட்டில் கடைக்குப் போய், “நான் கேட்டதும் பேரையே மாத்திட்டாங்க!” என்று பீற்றிக்கொண்டார். அன்றிலிருந்து ஆளாளுக்குக் கோரிக்கை வைக்க ஆரம்பித்தார்கள்.

முடிதிருத்துபவரின் பேட்டி பிரமாதமாக வந்தது. எல்லோரிடமும் அவள் முதலில் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. “கேமராவைப் பாக்காதீங்க, என்னைப் பாருங்க. தோத்துட்டோம்னு தெரிஞ்சதும் மனசுல முதல்ல என்ன வந்துச்சு?” அதைக் கேட்டதுமே அவர் கையில் கத்தரிக்கோலோடு தேம்பித் தேம்பி அழுதுவிட்டார். நாற்காலியில் பாதி முடி வெட்டின நிலையில் உட்கார்ந்திருந்தவரும் சேர்ந்து அழுதார்.

சேதி கட்டில் கடைக்காரரின் காதுக்குப் போனது.

“அவன் மட்டும் அழுவானா? எனக்கும் அழ வரும்மா. இன்னொரு தடவை எடுங்க.”

எடுத்தார்கள். அவருக்கு அழுகை வரவில்லை. தும்மல்தான் வந்தது. திரும்பத் திரும்ப எடுத்து, கடைசியில் அழுகை வந்தபோது அது நிற்கவில்லை. தன் கல்யாணம், பெரிய மாப்பிள்ளை, இடுப்பு வலி என்று எல்லாவற்றுக்கும் சேர்த்து அழுது தீர்த்தார்.

“இதை அப்படியே போடணும்” என்றார் மூக்கைச் சிந்திக்கொண்டு.

அவர் படத்தில் அதிக நேரம் வருகிறார் என்று மற்றவர்கள் முறுக்கிக்கொண்டார்கள். சரி, எல்லோருக்கும் ஒரே அளவு நேரம் என்று இயக்குநர் அறிவித்தாள். “என் கடை நீளத்துக்கு அவன் கடை வருமா? எனக்கும் அவனுக்கும் ஒரே நேரமா?” என்று கட்டில் கடைக்காரர் கொதித்தார். முடிதிருத்துபவர் அவரோடு பேசுவதை நிறுத்தினார்.

இத்தனைக்கும் நடுவில் ஒரே ஓர் ஆள் மட்டும் பிடி கொடுக்கவே இல்லை. பஞ்சர் கடைக்காரர். வண்டியே வராத தெருவில் பஞ்சர் கடை வைத்திருப்பவரைவிடப் பெரிதாகத் தோற்றவர் யார் இருக்க முடியும்? அவள் தினமும் அவரிடம் போனாள்.

“எனக்குப் பேச வராதும்மா.”

“தோல்வியை மூடி வைக்கக் கூடாதுண்ணே. முடிவை ஏத்துக்கிட்டு, மனசு விட்டுப் பேசணும்.”

“நீங்க எதுலயாவது தோத்திருக்கீங்களா?”

அவள் யோசித்துப் பார்த்தாள். “இல்லண்ணே.”

“அதானே பார்த்தேன்” என்று அவர் ஆளில்லாத கடையில் காற்றடிக்கும் பம்பைத் துடைக்கப் போய்விட்டார்.

புதன்கிழமை சாயங்காலம் கட்டில் கடைச் சுவரில் படத்தைப் போட்டுக் காட்டினாள். பாலிதீன் உறை பிரிக்காத மெத்தைகளில் எல்லோரும் உட்கார்ந்து பார்த்தார்கள். பஞ்சர்காரரும் ஓரமாக வந்து நின்றார். மூடிய ஷட்டர்கள், காலி நாற்காலிகள், பின்னணியில் இழுத்து இழுத்து வாசித்த வயலின். இவ்வளவு நல்ல படத்தை அவள் இதுவரை எடுத்ததில்லை.

விளக்கைப் போட்டதும் முடிதிருத்துபவர் கேட்டார். “ஏம்மா, நாங்க எல்லாரும் செத்துப்போயிட்டோமா?”

“இதைப் பார்த்தா எவன் கடைக்கு வருவான்?” என்றார் தையல்காரர். “வயலினைத் தூக்குங்க. என் கடை போர்டைப் பெரிசாக் காட்டுங்க.”

“எல்லாரும் சிரிச்சுக்கிட்டு கடை வாசல்ல நிக்கிற மாதிரி எடுங்க. கடைசியில ஒரு பாட்டு வைங்க” என்றார் கட்டில் கடைக்காரர்.

“இது விளம்பரப் படம் இல்லண்ணே! உங்க வலியை ஊருக்குச் சொல்ற படம்!”

“வலி எங்களுது இல்லையாம்மா?”

வாக்குவாதம் முற்றியது. பேச்சு வார்த்தை இல்லாதிருந்த கட்டில் கடைக்காரரும் முடிதிருத்துபவரும் இப்போது தோளோடு தோள் நின்று கத்தினார்கள். சம்மதம் கிடைக்காவிட்டால் கச்சேரிதான். இயக்குநர் பல்லைக் கடித்துக்கொண்டு கையை உயர்த்தினாள்.

“சரி. ஓட்டுப் போட்டுடலாம். பெரும்பான்மை சொல்றதுதான் முடிவு. அப்புறம் யாரும் பேசக் கூடாது.”

தான் ஜெயிப்பதில் அவளுக்குத் துளிகூடச் சந்தேகம் இல்லை. அழுதவர்கள் தங்கள் அழுகையை விட்டுக்கொடுப்பார்களா என்ன? கணவர் வேறு இருக்கிறார்.

தையல்காரர் வெட்டுத்துணி கொண்டுவந்தார். படம் இப்படியே இருக்கட்டும் என்றால் நீலம், மாற்ற வேண்டும் என்றால் சிவப்பு. படத்தில் வந்தவர்களும் எடுத்தவர்களும் வரிசையில் நின்று, ஒரு தலையணை உறைக்குள் கையை விட்டுப் போட்டார்கள். கொட்டிப் பார்த்தால் ஒரே சிவப்பு. நடுவில் ஒற்றையாய் ஒரு நீலத்துண்டு கிடந்தது.

அது யாருடையது என்று அவளுக்குத் தெரியும். மெல்லத் திரும்பினாள்.

“என்னங்க… அப்ப நீங்க?”

“ரகசிய ஓட்டும்மா” என்றார் கணவர், கேமரா முக்காலியின் திருகாணியை மும்முரமாக முடுக்கிக்கொண்டு.

“இது செல்லாது! யோசிக்காமப் போட்டிருக்கீங்க. மறுபடியும் ஓட்டு எடுக்கணும்!”

“போன வருஷம் நாங்களும் அதைத்தாம்மா கேட்டோம்” என்றார் கட்டில் கடைக்காரர். அவர் குரலில் கோபம் இல்லை. அதுதான் அவளை இன்னும் சுட்டது.

“நாளைக்கு எடுத்துட்டா வெள்ளிக்கிழமை கொடுத்துடலாம்” என்று கணவர் தரையைப் பார்த்துச் சொன்னார். எல்லோரும் கலகலவென்று பேசிக்கொண்டு போர்டுகளைத் துடைக்கக் கிளம்பினார்கள். தையல்காரர் ஏதோ ஒரு பாட்டை இப்போதே பாடிப் பார்த்துக்கொண்டு போனார்.

இயக்குநர் கட்டிலில் உட்கார்ந்தாள். பாலிதீன் உறை சரசரத்தது. படம் இவர்களுக்காகத்தானே எடுத்தது, இவர்கள் கேட்டபடியே இருந்துவிட்டுப் போகட்டுமே என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிப் பார்த்தாள். எடுபடவில்லை. காது மடல் சூடாகி, கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. எழுந்து போகவும் முடியவில்லை.

அதுவரை ஓரமாக நின்றிருந்த பஞ்சர்காரர், அவள் பேட்டி எடுக்கும்போது உட்காரும் ஸ்டூலை இழுத்து அவளுக்கு எதிரே போட்டு உட்கார்ந்தார். கணவரைப் பார்த்துத் தலையசைத்தார். கேமராவில் சிவப்பு விளக்கு எரிந்தது.

“கேமராவைப் பாக்காதீங்கம்மா, என்னைப் பாருங்க” என்றார். “தோத்துட்டோம்னு தெரிஞ்சதும் மனசுல முதல்ல என்ன வந்துச்சு?”